மூன்றாவது இன்ஜின்

ஜீப்பின் முகத்தைக் கழற்றி மணலில் சாய்த்து வைத்திருந்தார்கள். பானெட் ஒரு பக்கம், ரேடியேட்டர் ஒரு பக்கம். மூன்று சவுக்குக் கம்பங்களை உச்சியில் சேர்த்துக் கட்டி வண்டிக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் செயின் பிளாக் தொங்கிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டுக் குப்பங்களில் இது யாரும் நின்று பார்க்கிற காட்சி இல்லை. ஃபைபர் படகின் இன்ஜினைத் தூக்கவும் இதே மூன்று கம்பம்தான், இதே வலைக்கயிறுதான், முடிச்சுகூட அதேதான்.

"இன்ஜின இறக்கியாச்சா பாய்?" என்று சைக்கிளில் போன ஒருவர் கேட்டார்.

"மேல ஏத்திக்கினு இருக்கேன், இறக்கியாச்சான்னு கேக்குற!" என்றார் மெக்கானிக் பாய், சங்கிலியை விடாமல்.

அவர் சொன்னது சரி. ஜீப்பிலிருந்து இன்ஜின் மேல்நோக்கித்தான் வெளியே வரும். இருந்தாலும் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் அதற்குப் பெயர் 'இன்ஜின் இறக்குவது'தான். ஆஸ்பத்திரியில் 'ஓபன் பண்ணிட்டாங்க' என்று சொல்லும்போது வருகிற அதே கலக்கம் அந்தச் சொல்லில் உண்டு. கடற்கரையில் இறக்குவது என்றால் வேறு. படகைத் தண்ணீரில் தள்ளுவது. அது நல்ல சொல்.

வண்டி 1971ஆம் ஆண்டு ஜீப். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியதும் அதே ஆண்டுதான், அக்டோபர் 9ஆம் தேதி. வண்டியின் சொந்தக்காரரை அண்ணன் என்றே எழுதுகிறேன், ஊரும் அப்படித்தான் கூப்பிடுகிறது. இறாலும் நண்டும் வாங்கிப் பொன்னேரிக்கும் சென்னைக்கும் அனுப்புகிறவர். ஜீப் அவர் அப்பா வாங்கியது. இப்போது சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது அதன் இரண்டாவது இன்ஜின். முதல் இன்ஜின் பக்கத்துக் கொட்டகையில், இரண்டு பனங்கட்டைகளின் மேல், தார்பாய்க்கும் கிழிந்த வலைக்கும் அடியில் படுத்திருக்கிறது. மூன்றாவது ஒரு மினி லாரியில் காத்திருந்தது.

பழைய ஜீப் பற்றிப் பேசுகிறவர்கள் 'ஒரிஜினல்' என்ற சொல்லை அடிக்கடி சொல்வார்கள். இந்த மாடலுக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருந்தும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன். 'கோ டெவில்' என்று பெயர். அதில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருக்கும். அதனால் இன்ஜின் குட்டை, பானெட்டும் தட்டை. போருக்குப் பின் வில்லிஸ் நிறுவனம் அதே பிளாக்கை வைத்துக்கொண்டு காற்று உள்ளே போகிற வால்வுகளை மட்டும் மேலே ஹெட்டுக்கு ஏற்றியது. திறன் 70ஐத் தாண்டியது. 'ஹரிகேன்' பிறந்தது. சிக்கல் ஒன்றுதான். இன்ஜின் உயர்ந்துவிட்டது, பானெட் மூடவில்லை. 1953ல் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பானெட்டையே தூக்கிக் கட்டிவிட்டார்கள். அதுதான் சி.ஜே. 3பி. நம் ஊர் போலீஸ், பொதுப்பணித்துறை, எஸ்டேட், அந்தக் காலச் சினிமா வில்லன் எல்லோரும் ஏறிய, நெற்றி உயர்ந்த ஜீப். வேறு இன்ஜின் வைப்பதற்காக உடம்பை வெட்டி ஒட்டிப் பிறந்த வண்டி அது. அதில் இன்ஜின் மாற்றுவது பாவம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அமெரிக்காவில் 3பி 1968ல் நின்றுபோனது. இந்தியாவில் மகிந்திரா அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதன் வாரிசுகளைச் செய்தது. 1945ல் தொடங்கியபோது அந்த நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்ட் முகமது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், 1951ல் கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனியின் பெயர் மாறியது. வில்லிஸ் ஜீப்பின் உதிரிகளை இறக்கிப் பம்பாயில் பூட்டிய வேலை நிற்கவில்லை.

அண்ணனின் அப்பா ஹரிகேனைக் கழற்றியது 1980களின் கடைசியில். அது கெட்டுப்போனதால் அல்ல. "நல்லா ஓடிக்கினு இருந்தது. ஆனா குடிக்கும் பாரு, அப்பா ராத்திரி தூங்க மாட்டாரு" என்கிறார் அண்ணன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்தியாவில் பெட்ரோல் ஜீப்புகளுக்கு வந்த நோய் அது. இரும்பு தேயவில்லை, கணக்கு இடித்தது. சும்மா ஓடுகிற வண்டி தாங்கும். ஐஸ் பெட்டியும் இறாலும் ஏற்றிக்கொண்டு தினமும் மணலைக் கடந்து பொன்னேரி போகிற வண்டி தாங்காது. ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்காக்களின் கதையும் இதுதான். ஜபல்பூரில் செய்த அந்த நிசான் வண்டியில் ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக ஒரு டீசல் இன்ஜினைத் தேடினார்கள்.

மகிந்திராவும் இதைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவிடம் உரிமம் வாங்கி, மகாராஷ்டிராவின் இகத்புரி ஆலையில் 2.1 லிட்டர் டீசல் இன்ஜினைச் செய்ய ஆரம்பித்தது. அண்ணனின் அப்பா அதில் ஒன்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் பிடித்தார். வாகனங்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கிற அந்தத் தெருக்களில் கிடைக்காதது குறைவு. அந்த இன்ஜின் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. போன கோடையில் ரேடியேட்டர் அடைத்து, சூடேறி, ஹெட்டில் விரிசல் விட்டது. ஒரு தடவை பற்றவைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் தண்ணீர் ஆயிலில் கலந்தது.

இந்த முறை பாய் சொன்னது எம்.டி.ஐ. இன்ஜின். மகிந்திராவே பின்னாளில் செய்தது. 2.5 லிட்டர், சிலிண்டருக்குள் நேராக டீசலைப் பீய்ச்சுகிற வகை. பெஜோவில் முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சி, அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்கு வரும். அதைக் குளிரில் எழுப்ப ஹீட்டர் பிளக் வேண்டும். அதற்கு உதிரிப்பாகம் தேடி அலைவதும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. "எம்.டி.ஐ.க்கு ஊரு ஊரா சாமான் கெடைக்கும் சார். சத்தம் போடும். போட்டா போட்டும்" என்றார் பாய்.

வேலையை மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு. காரணம் பாடு. பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் தலங்களில் யார் வேண்டுமானாலும் போய் வலை கட்ட முடியாது. பங்கு உள்ள குடும்பங்கள், அவரவர் குப்பத்துக்கு முறை வருகிற நாளில், சீட்டில் விழுந்த இடத்தில் இறங்குவார்கள். அதுதான் பாடு. கலெக்டர் ஆபீஸ் எழுதிக் கொடுத்த சட்டம் இல்லை. தலைமுறைகளாக ஏரிக்காரர்களே பார்த்துக்கொள்கிற ஏற்பாடு, அவ்வப்போது சண்டையும் பஞ்சாயத்துமாக. அண்ணனின் சொந்தக்காரர்களுக்குப் பாடு நாள் நான்காம் நாள் வந்தது. அன்று விடியற்காலை இறால் கரைக்கு வரும்போது வண்டி நிற்க வேண்டும்.

இன்ஜினைக் கழற்றுவது பார்க்கச் சும்மா தெரியும். பேட்டரி வயரை எடுத்து, தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்டார்ட்டர், கிளட்ச் கம்பி என்று வரிசையாகப் போகலாம். டீசல் குழாயைக் கழற்றியதும் பாய் செய்த முதல் காரியம், வாயில் துணி சுற்றிக் கட்டியது. டீசல் பம்புக்கு ஒரு சிட்டிகை மணல் போதும், ஊரெல்லாம் மணல். சைலன்சர் குழாயின் நட்டுகள்தான் அரை நாளைத் தின்றன. உப்புக்காற்றில் அவை நட்டு வடிவத்தையே இழந்திருந்தன. முந்தின இரவே டீசல் ஊற்றி ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சித்தான் திருகினார்கள். ஒன்று முறிந்தது. பாய் முறிந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுக்கும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்தாக வேண்டும். கியர்பாக்ஸின் மூக்குத்தண்டு கிளட்ச் தட்டுக்குள் நுழைந்து இன்ஜினின் முதுகில் உட்கார்ந்திருக்கும். தாங்கல் இல்லாமல் இன்ஜினை இழுத்தால் மொத்தக் கனமும் அந்தத் தண்டில் தொங்கும். அதனால் முதலில் முன்னால் இழுப்பு, தண்டு விடுபட்டதும் மேலே தூக்கு. பாய் ஒரு கையால் சங்கிலியும் ஒரு கையால் இன்ஜினின் தாடையுமாக, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர் போல, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தார்.

இன்ஜின் போன இடம் காலியானதும் அவர் சின்னச் சுத்தியலை எடுத்துச் சேஸிஸைத் தட்ட ஆரம்பித்தார். டங், டங், டங், டொப். டொப் என்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம். இந்தக் கடற்கரையில் வண்டியைக் கொல்வது இன்ஜின் இல்லை, இதுதான். ஜீப்பின் சட்டத்தில் பெட்டி போல மூடிய இடங்கள் உண்டு. சக்கரம் தெறிக்கிற உப்புத் தண்ணீர் ஒரு துளை வழியே உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வெளிப்பூச்சு பளபளவென்று இருக்கும், உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். இன்ஜின் மவுண்ட்டுக்கு அரை அடி தள்ளி விரல் நுழைகிற ஓட்டை இருந்தது. புது இரும்புத் தகடு வைத்து வெல்டு அடித்து, மூடிய பகுதிக்குள் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ஏரிக்கரையில் ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி: மணலில் இறங்கி வந்த அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். படகுக்காரர்கள் வெளியில் மாட்டுகிற இன்ஜினைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுவது இதற்காகத்தான்.

படகையும் ஜீப்பையும் சேர்த்துப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் இல்லாமல் பிறந்த உடம்பில் இன்ஜினைப் புகுத்துகிற வித்தையை இந்தக் கடற்கரை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் இயங்கியது. அதன் வேலைகளில் ஒன்று, அலை உடைகிற திறந்த கரையில் ஏறி இறங்கும் சிறு படகுகளுக்கு டீசல் இன்ஜின் வைப்பது. கட்டுமரத்துக்கு மணல் பகை இல்லை, விசிறி உள்ள படகுக்கு உண்டு. கரை தட்டினால் விசிறி உடையும். அதனால் விசிறியையும் தண்டையும் தேவைப்படும்போது மேலே தூக்கிக்கொள்கிற அமைப்புகளைச் சோதித்தார்கள். இன்று கரையில் பார்க்கிற ஃபைபர் படகுகளில், காற்றால் குளிர்கிற சின்ன டீசல் இன்ஜினின் பின்னால் நீள வாலாக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். கரை நெருங்கினால் ஒரே ஆள் அதை அழுத்தி வாலைத் தண்ணீருக்கு மேல் எடுத்துவிடலாம். கடல் தண்ணீர் இன்ஜினுக்குள் போகிற பேச்சே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் படகுகள் பெருகின, கட்டுமரம் ஒதுங்கியது.

ஒரு வித்தியாசம் மட்டும் அண்ணனுக்கு ஆறவில்லை. மீன்பிடி படகுக்கு அரசு வரிவிலக்கு டீசல் தருகிறது. அதே மீனை ஏற்றுகிற ஜீப்புக்கு பங்க் விலைதான்.

இரண்டாம் நாள் மதியம் சென்னையிலிருந்து ஒரு கார் வந்தது. பழைய வண்டி சேகரிக்கிறவர். வண்டியை வாங்க அவர் கேட்டு வருவது இது முதல் முறை இல்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்த் தார்பாயைத் தூக்கி, ஹரிகேன் பிளாக்கின் நம்பரை மொபைல் வெளிச்சத்தில் படித்தார். அப்பா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பரும் அதுவும் ஒன்று. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அண்ணே, டீசல போடாதீங்க. இதையே ரெடி பண்ணி ஏத்துங்க. வின்டேஜ் பதிவு வாங்கலாம்."

அவர் சொன்னது உண்மைதான். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த விதியில் இன்னொரு பாதி உண்டு. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது, தொழிலுக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சிக்கு, பழைய கார் அணிவகுப்புக்கு, பழுது பார்க்க, எண்ணெய் போட எடுத்துப் போகலாம்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "அப்போ எறா ஏத்தக் கூடாது?"

"கூடாது."

"அப்ப வண்டிய இன்னா பண்றது?"

"வச்சிருக்கலாம்ணே. மதிப்பு ஏறும்."

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆயா, அண்ணனின் அம்மா, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வச்சிருக்கறதுக்கு அவுங்க அப்பா போட்டோ இருக்குது."

சேகரிப்பாளர் கோபிக்கவில்லை. அந்தப் பெட்ரோல் இன்ஜினை மட்டுமாவது விலைக்குக் கேட்டார். அண்ணன் அதற்கும் தலையாட்டவில்லை. எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை. இவர் மாதிரி ஆட்கள் இல்லையென்றால் பல வண்டிகள் எடைக்குப் போயிருக்கும். இரண்டு இஞ்ச் ஆணியைக்கூட மாற்றாமல் காப்பாற்றுகிறவர்கள் வேண்டும். ஆனால் சட்டம் வரைந்திருக்கிற கோடு வேடிக்கையாக இருக்கிறது. ஐம்பது வருஷம் வேலை செய்த வண்டி, வேலையை விட்டால்தான் பழம்பெருமை. வேலையைத் தொடர்ந்தால் வெறும் பழைய வண்டி.

இன்ஜின் மாற்றத்துக்கும் சட்டம் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. பதிவு அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். மாற்றம் செய்த 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். அப்பா காலத்திலேயே ஆர்.சி.யில் 'டீசல்' என்று ஏறிவிட்டதால் எரிபொருள் மாற்றம் என்ற பெரிய வழக்கு இப்போது இல்லை. புது இன்ஜினின் பில்லும் ஒப்புதலும் அண்ணனிடம் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. இதைச் செய்யாமல் ஓட்டுகிற ஜீப்புகளை நான் பார்த்திருக்கிறேன். விபத்து நடக்கிற நாளில், இன்ஷூரன்ஸ்காரர் இன்ஜின் நம்பரை எட்டிப் பார்க்கிற நிமிஷத்தில், அவர்களுக்கு விளங்கும்.

மூன்றாம் நாள் எம்.டி.ஐ. உள்ளே இறங்கியது. இப்போது அந்தச் சொல் பொருந்தியது. மவுண்ட் பட்டைகளை வெட்டிப் புதுசாக வெல்டு அடித்தார்கள். கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த பாய் ஒரு பழைய கியர்பாக்ஸ் தண்டை வைத்திருந்தார். அதைச் சொருகித் தட்டை இறுக்கிவிட்டு உருவினால், அசல் தண்டு தடவாமல் நுழையும். அந்தத் தண்டு தன் மாமா கொடுத்தது என்றார், முதல் நாள் பையில் போட்ட முறிந்த நட்டோடு அதையும் ஒரு டப்பாவில் வைத்தபடி.

வேகம் பற்றிக் கேட்டேன். 3பியின் அச்சில் பல்சக்கர விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, டாப் கியரில் இன்ஜின் 5.38 சுற்று சுற்ற வேண்டும். ஹரிகேன் 4,000 சுற்று வரை போகும், அதனால் கணக்குப்படி 100 கிலோமீட்டர் வேகம் எட்டும். இந்த டீசலுக்கு எல்லை 3,200. அந்தக் காலத்து 6.00-16 டயரில் போட்டுப் பார்த்தால் 80 வந்ததும் மூச்சு நின்றுவிடும். ஹைவேயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் அச்சையும் சேர்த்து மாற்றுவார்கள், செலவு இரண்டு மடங்காகும். பாய் அதைத் தொடவே இல்லை. ஐஸ் பெட்டியோடு மணலில் நான்கு சக்கரமும் பிடித்து ஏற அந்த 5.38தான் வேண்டும்.

சாயங்காலம் ஸ்டார்ட்டர் அடித்தார்கள். சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்று. பாய் ஸ்பேனரைத் தேடுவதற்குள், பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரத் தம்பி குனிந்து ஃபில்டர் மேல் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் விரலால் அமுக்கிக்கொண்டே இறுக்கினான். நிமிஷத்துக்குள் முடித்துவிட்டான். கடலில் அலை ஆட்டுகிறபோது இருட்டில் செய்து பழகிய கை. "இப்ப அடி பாய்" என்றான்.

அடித்தார். முதலில் கறுப்பாய் ஒரு புகை, அப்புறம் குப்பத்து நாய்கள் எல்லாம் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆயா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பாய் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு அணைக்கச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை பெட்டிகள் ஏறின. வெள்ளை இறால் அதிகம் இல்லை, நண்டு இருந்தது. லைட்ஹவுஸ் பக்கம் இன்னும் விளக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டாவது லீவரைத் தள்ளி முன் அச்சைப் பூட்டினார். மணலை விட்டுத் தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் விடுவித்தார். காய்ந்த ரோட்டில் அதைப் பூட்டியே ஓட்டினால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னும்.

நான் அவர் வீட்டுச் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பாடு நாட்களுக்கு நீலக் கோடு. ராக்கெட் விடுகிறார்கள், கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அதற்கு இரண்டு தாள் தள்ளி, புதிதாக, சிவப்புப் பேனாவில்: 'ஆர்.டி.ஓ. - கடைசி நாள்.'